கிரீன் டீக்கு நீராவி: எந்தப் பாய்லர், என்ன சான்று?

நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் நாலைந்து பேர் கூடினால் பேச்சு இப்போது கிரீன் டீயில்தான் வந்து நிற்கிறது. பசுந்தேயிலையைப் பறித்து ஆலைக்கு அனுப்பிவிட்டு, இந்த மாதம் என்ன விலை போடுவார்களோ என்று காத்திருப்பதைவிட, ஒரு பகுதியையாவது நாமே பக்குவம் செய்து விற்றால் என்ன என்று கேட்பது நியாயமானது. ஆனால் இயந்திரப் பட்டியல் எழுத உட்கார்ந்ததும் முதல் தடை நீராவியில் வருகிறது. கறுப்புத் தேயிலைக்கு, அது நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ஆனாலும் இலையை முறுக்கிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் ஆனாலும், உலர்த்தச் சூடான காற்று போதும். விறகு அடுப்பும் காற்றுச் சூடேற்றியும் விசிறியும் இருந்தால் வேலை நடந்துவிடும்; பாய்லர் என்ற பேச்சே எழாது. கிரீன் டீ அப்படியல்ல. பறித்த கொழுந்து சிவக்கத் தொடங்குமுன் அதன் நொதிகளை வெப்பத்தால் முடக்கியாக வேண்டும். அதற்கு ஒன்று நீராவி வேண்டும், அல்லது சூடான உருளையில் வறுக்க வேண்டும்.

நீராவி என்றவுடன் பாய்லர், பாய்லர் என்றவுடன் சான்றிதழ், சான்றிதழ் என்றவுடன் பயம். இந்தப் பயத்தை நம்பியே சந்தையில் ஒரு வியாபாரம் நடக்கிறது: "இதற்கு ஐ.பி.ஆர். (பாய்லர்களுக்கான இந்திய ஒழுங்குமுறை) தேவையில்லை" என்ற ஒற்றை வாக்கியத்தை விற்கும் வியாபாரம். மலையில் பல தேயிலைக் கூடங்களில் இயந்திரப் பராமரிப்பு பார்த்தவன் என்ற முறையில், ஒரு சிறு குழுவுக்கு முன்னால் உள்ள வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கு 100 கிலோ கொழுந்து வரை என்றால், வடிவமைப்பிலேயே 1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தத்துக்குக் கீழே இருக்கும் நீராவிக் கலம் போதும். அதற்கு மேல் போனால் முறையாகப் பதிவு செய்த புதிய பாய்லர்தான். இரண்டுக்கும் நடுவில் குறுக்கு வழி என்று காட்டப்படுபவை எல்லாம் எனக்கு ஏற்புடையவை அல்ல.

முதலில் கொழுந்துக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். பசுங்கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு நீர்தான். 100 கிலோ கொழுந்தை 20 டிகிரியிலிருந்து 94 டிகிரிக்குக் கொண்டுவர, கணக்குப்படி 11 அல்லது 12 கிலோ நீராவி போதும். நடைமுறையில் திறந்த வாயிலும் குழாய்ச் சுவரிலும் பெரும்பகுதி போய்விடும். அதனால் மூன்று, நான்கு மடங்கு வைத்துக்கொண்டு, மணிக்கு 40 கிலோ நீராவி என்று திட்டமிடுவது என் வழக்கம். இந்த நீராவிக்கு அழுத்தம் தேவையில்லை. ஜப்பானியக் கிரீன் டீக்கு இலையை அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை அழுத்தமற்ற நீராவியில்தான் காட்டுகிறார்கள். 7 கிலோவில் நீராவி எழுப்பி, அதை வால்வு வழியே இறக்கி, வெறும் காற்றழுத்தத்தில் இலைமேல் விடுவதற்காகவா இத்தனை பாடு என்று யோசிக்க வேண்டும்.

இங்கே மலைக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்குச் சற்று முன்பே கொதித்துவிடும். 2,240 மீட்டரில் இருக்கும் உதகையில் 93 டிகிரியைக்கூடத் தொடாது. கேஜில், அதாவது அழுத்தமானியில், காட்டும் அழுத்தம் சுற்றியுள்ள காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளது மட்டுமே. மேட்டுப்பாளையத்தில் கேஜ் அரைக் கிலோ காட்டினால் உள்ளே நீராவி 111 டிகிரியில் இருக்கும். கோத்தகிரியில் அதே அரைக் கிலோவுக்கு 107தான். சமவெளியில் ஓட்டிக் காட்டி விற்கும் இயந்திரம் மேலே வந்ததும் கொஞ்சம் மந்தமாக வேலை செய்வதற்கு இதுவே காரணம். இலை பச்சைவாடை அடிக்கிறது என்று உடனே அழுத்தத்தைக் கூட்டத் தோன்றும். இலை செல்லும் வேகத்தைக் குறைத்தாலே போதும். நீராவி அறையில் இன்னும் பத்துப் பதினைந்து விநாடி கூடுதலாக நின்றால் காரியம் முடிந்துவிடும்.

சட்டம் கோடு போடும் இடம்

கல்கத்தாவில் 1863இல் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்த பிறகுதான் இந்த நாட்டில் பாய்லர்களைச் சோதிக்கச் சட்டம் வேண்டும் என்ற எண்ணம் வந்தது. மாகாணத்துக்கு ஒரு சட்டம் என்று இருந்ததை ஒன்றாக்கி 1923ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 1950இல் இந்திய கொதிகலன் ஒழுங்குமுறைகள் வந்தன, நாம் ஐ.பி.ஆர். என்று சொல்வது இதைத்தான். 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய கொதிகலன்கள் சட்டம் வந்திருக்கிறது. சில தவறுகளுக்குச் சிறைத் தண்டனையை நீக்கி அபராதமாக மாற்றியிருக்கிறார்கள். ஆனால் அழுத்தம் மீறினால் நீராவியை வெளியே விடும் சேஃப்டி வால்வில் கை வைப்பது இன்னமும் சிறைக்குரிய குற்றம்தான். அது அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் எண்ணமும்.

எது பாய்லர் என்பதில் பழைய சட்டத்துக்கும் புதியதற்கும் வேறுபாடு இல்லை. வெளியே பயன்படுத்துவதற்காக, அழுத்தத்தில் நீராவி எழுப்பும் கலம் பாய்லர். இதிலிருந்து மூன்று வகைக் கலங்கள் விலக்குப் பெறுகின்றன. ஒன்று, கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவானது. இரண்டு, வடிவமைப்பு அழுத்தம், வேலை அழுத்தம் இரண்டுமே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைவானது. மூன்று, தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழேயே சூடாக்குவது. இதில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் பதிவு தேவையில்லை.

கோடு ஏன் லிட்டரில் போடப்பட்டிருக்கிறது, மணிக்கு எத்தனை கிலோ நீராவி என்று ஏன் இல்லை என்று பலர் கேட்பதுண்டு. ஆபத்து நீராவியில் இருப்பதைவிட, காத்திருக்கும் சூடான தண்ணீரில்தான் அதிகம் இருக்கிறது. 7 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் 170 டிகிரியை ஒட்டி இருக்கும். கலம் கிழிந்தால் அதில் ஏழில் ஒரு பங்கு அந்த நொடியே நீராவியாக மாறும். உள்ளே 300 லிட்டர் இருந்தது என்றால், நம் மலைக் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 80 கன மீட்டர் நீராவி. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அறையைக் கூரைவரை நிரப்பும் அளவு. 20 லிட்டர் மட்டும் இருந்தால் அது 5 கன மீட்டராகக் குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன். பக்கத்தில் நிற்கும் ஆளின் உயிரை எடுக்க அந்த 5 கன மீட்டரே போதும். விலக்கு என்பது பதிவிலிருந்து விலக்கு, ஆபத்திலிருந்து அல்ல.

நீராவியே வேண்டாம் என்றால்

உருளையில் வறுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் சான்றுச் சிக்கல் மிகக் குறைவு. சூடான இரும்பு உருளைக்குள் கொழுந்து சுழன்று, தன் ஈரத்திலேயே வெந்து, நொதி அடங்கும். அழுத்தக் கலம் எதுவும் இல்லை. காஸ் அடுப்பு என்றால் சிலிண்டர் இருப்பைக் கவனிக்க வேண்டும்: மொத்தம் 100 கிலோ வரை எல்.பி.ஜி. வைத்துக்கொள்ள உரிமம் தேவையில்லை. 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ. அதற்குள் நின்றுகொண்டால் நல்லது.

ஆனால் சுவை வேறு. வறுத்த கிரீன் டீ பருப்பு வறுத்த மணத்தோடு, மஞ்சள் சாயலில் இறங்கும். நீராவியில் காட்டியது பச்சை நிறம் குன்றாமல், புல் மணத்தோடு இருக்கும். உங்கள் வாடிக்கையாளர் எதைக் கேட்கிறார் என்பது தெரியாமல் இயந்திரம் வாங்க வேண்டாம். வறுத்ததைக் கேட்கும் வாடிக்கையாளர் கையில் இருந்தால், கட்டுரையின் மீதியை நீங்கள் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, உருளையை வாங்கிவிடுங்கள்.

24 லிட்டர் பாய்லர்

சந்தையில் அதிகமாக முன்னிறுத்தப்படுவது இதுதான். சிறியது, விரைவில் சூடாகும், பதிவு வேண்டாம், சான்று பெற்ற ஆள் வேண்டாம். மின்சாரத்தில் ஓடுவது, டீசலில் ஓடுவது, சுருள் குழாய் வகை என்று பல உருவங்களில் கிடைக்கிறது. சுருள் குழாய் வகையில் நியாயமாகவே தண்ணீர் குறைவாக இருக்கும். அவற்றில் நல்ல தயாரிப்புகள் உண்டு.

கவனிக்க வேண்டியது அளவை. சட்டம் சொல்லும் 25 லிட்டர் என்பது தண்ணீர் உள்ளே நுழையும் ஃபீட் செக் வால்வு முதல் நீராவி வெளியேறும் மெயின் ஸ்டாப் வால்வு வரை உள்ள முழுக் கொள்ளளவு. தண்ணீர் நிற்கும் மட்டம் வரை உள்ள அளவு மட்டுமல்ல. அதற்கு மேல் நீராவி நிற்கும் இடமும் சேர்ந்தது. சமவெளியில் ஒரு விற்பனைக் கூடத்தில் நண்பர் ஒருவருக்காக மின்சாரப் பாய்லர் பார்க்கப் போயிருந்தேன். "தண்ணீர் 18 லிட்டர்தான் ஐயா பிடிக்கும், சட்டத்துக்குள்ளேயே வராது" என்றார் விற்பவர். டேப்பை வாங்கி அளந்தோம். உள்விட்டம் 30 சென்டிமீட்டர், உயரம் 45 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 31 லிட்டரைத் தாண்டியது. தகட்டில் கொள்ளளவு என்ற இடமே இல்லை. "எல்லோரும் இதைத்தான் வாங்கிப் போகிறார்கள் ஐயா" என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்ன சமாதானம். அந்தப் பாய்லர் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியது. ஆனால் பதிவுக்குரிய தயாரிப்புச் சான்றுகள் எதுவும் அதற்கு இல்லை, இனிமேல் வாங்கவும் முடியாது. வாங்கியவர் கையில் அது நிரந்தரமாகச் சட்டத்துக்குப் புறம்பாகவே இருக்கும்.

சிலர் இன்னும் 22.75 லிட்டர் என்று சொல்வார்கள். அது 2007 திருத்தத்துக்கு முந்தைய அளவு. இன்னொரு பேச்சும் காதில் விழும்: ஆஸ்பத்திரி ஸ்டெரிலைசர் வகைக்கு 100 லிட்டர் வரை விலக்கு உண்டு, இதுவும் அதே மாதிரிதான் என்று. அந்த விலக்கு மருத்துவமனைகளில் பயன்படும் கிருமிநீக்கிகளுக்கு மட்டும். தேயிலைக்கு அதை இழுக்க முடியாது. குன்னூர் பணிமனையில் நிற்கும் மலை ரயில் இன்ஜின்களின் பாய்லர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. ரயில்வே இன்ஜின்களுக்குத் தனி ஏற்பாடு. யாருக்கு விலக்கு என்று சட்டம் பெயர் சொல்லியிருக்கிறதோ அவர்களுக்குத்தான்.

இனி திறன். 1 கிலோ நீராவிக்கு ஏறக்குறைய 0.72 யூனிட் மின்சாரம் வேண்டும். மணிக்கு 40 கிலோ என்றால் 29 கிலோவாட் இணைப்பு. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் மலையில், பறித்த கொழுந்து கூடையில் கிடக்க, நீராவி இல்லாமல் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள். அன்றைய இலை முழுவதும் சிவந்துவிடும். திறன் போதாவிட்டால் இரண்டு மூன்று சிறு பாய்லர்களை ஒரே குழாயில் இணைக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். அப்படி இணைத்த அமைப்பை எப்படிக் கருதுவீர்கள் என்று கொதிகலன் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்காமல் செய்ய வேண்டாம். நாளைக்கு ஒரு விபத்து என்றால், விற்றவருடைய வாய்வார்த்தை உங்களுக்குத் துணைக்கு வராது.

1 கிலோவுக்குக் கீழே

எனக்குப் பிடித்த வழி இது. இதைப் பற்றிச் சந்தையில் யாரும் அதிகம் பேசுவதில்லை, காரணம் இதில் விற்க ஆடம்பரமாக ஒன்றும் இல்லை. 0.3 கிலோ அளவில் வேலை செய்யும் விறகுக் கலம். கொள்ளளவு 200 லிட்டர் இருந்தாலும் சட்டத்தின் இரண்டாவது விலக்குக்குள் வரும். ஆனால் நிபந்தனையை மறக்கக் கூடாது: வேலை அழுத்தம் மட்டுமல்ல, வடிவமைப்பு அழுத்தமும் 1 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும். 3.5 கிலோவுக்குக் கட்டிய கலத்தை வாங்கி, அரைக் கிலோவில்தான் ஓட்டுகிறேன் என்று சொன்னால் அது விலக்கு ஆகாது. வரைபடத்திலும் தகட்டிலும் வடிவமைப்பு அழுத்தம் எழுதியிருக்க வேண்டும்.

இந்த வழியின் பெரிய அனுகூலம், அழுத்தத்தை இயற்கையே கட்டுப்படுத்தும்படி அமைக்க முடியும் என்பது. 0.3 கிலோ அழுத்தம் என்பது 3 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண். கலத்தின் நீருக்குள் முங்கிய ஒரு அகலமான குழாயை, 3 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய், மேலே வாயைத் திறந்தபடி விட்டுவிட்டால், அழுத்தம் அதைத் தாண்டும்போது தண்ணீர் மேலே தள்ளப்பட்டு நீராவி வெளியேறிவிடும். இதில் ஸ்பிரிங் இல்லை, துருப்பிடித்து ஒட்டிக்கொள்ள வால்வு இல்லை, கம்பி கட்டி அடைத்து வைக்கவும் யாருக்கும் வழியில்லை. குழாயின் நடுவில் எந்தக் காரணத்துக்காகவும் வால்வு வைக்கக் கூடாது. வாயைச் சுடுநீர் யார்மேலும் தெறிக்காத இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். உதகைப் பக்கம் உறைபனி விழும் இடங்களில் குழாயைக் கட்டடத்துக்கு உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். சேஃப்டி வால்வும் ஒன்று கூடவே இருக்கட்டும்.

தண்ணீர் ஊட்டுவதிலும் மலை நமக்கு உதவுகிறது. மேல் பாத்தியில், கலத்தைவிட ஆறேழு மீட்டர் உயரத்தில் ஒரு தொட்டி கட்டினால், பம்பு இல்லாமலே தண்ணீர் உள்ளே இறங்கும். மின்சாரம் போனாலும் நிற்காது. நம் ஓடைத் தண்ணீர் சமவெளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைவிட மென்மையானது. உப்புப் படிவு குறைவாக இருக்கும். ஆனால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இரும்பைப் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். தொட்டியிலேயே தண்ணீரைப் புகைபோக்கி வெப்பத்தால் சூடேற்றிவிட்டால் ஆக்சிஜனும் கொஞ்சம் வெளியேறும், விறகும் மிச்சமாகும். காய்ந்த விறகு 1 கிலோவுக்கு 3 கிலோ நீராவி என்று வைத்தால், மணிக்கு 13, 14 கிலோ விறகு. தைல மரமோ சில்வர் ஓக்கோ, சொந்தத் தோட்டத்தில் நிற்பதே ஆனாலும் வெட்டுவதற்கு முன் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் கேட்காவிட்டாலும் இந்தக் கலத்துக்கு நீங்களே சில சான்றுகளைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தத் தகடு, எத்தனை மில்லிமீட்டர், அதைத் தயாரித்த இரும்பாலையின் சான்று. பற்றவைத்தவர் தேர்ச்சி பெற்றவர் என்பதற்கான சான்று. உங்கள் கண் முன்னே நடக்கும் நீரழுத்தச் சோதனை. காற்றை அடைத்துச் சோதிக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கலம் கிழிந்தால் அடைபட்ட காற்று வெடிக்கும், தண்ணீர் கசியும், அவ்வளவுதான். விறகு அடுப்பில் தீயைச் சட்டென்று அணைக்க முடியாது என்பதால் நீர்மட்டக் கண்ணாடி இரண்டு இருக்கட்டும். குறைந்த அழுத்தக் கலங்கள் கெடுவது பெரும்பாலும் அழுத்தத்தால் அல்ல, தண்ணீர் வற்றிக் காய்ந்து சிவந்த இரும்பின்மேல் பதற்றத்தில் குளிர்ந்த நீரைத் திறந்துவிடுவதால்தான்.

பதிவு செய்த புதிய பாய்லர்

மணிக்கு 200, 300 கிலோ கொழுந்து, அதோடு நீராவியாலேயே உலர்த்தும் எண்ணமும் இருந்தால், தயங்காமல் ஐ.பி.ஆர். பாய்லருக்குப் போய்விடுங்கள். ஒழுங்குமுறைகளில் சிறு தொழில் பாய்லர் என்றே தனி அத்தியாயம் இருக்கிறது: கொள்ளளவு 500 லிட்டருக்குள், அழுத்தம் 7 கிலோவுக்குள். சிறு ஆலைக்கு இது தாராளம்.

சான்று என்பது நிறுவிய பிறகு வாங்கும் காகிதம் அல்ல. தகடு வெட்டும் நாளிலிருந்தே கூட வருவது. வரைபடத்துக்கு ஒப்புதல், தகட்டுக்குச் சான்று, பற்றவைப்பவருக்குச் சான்று, செய்து முடித்ததும் வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கில் நீரழுத்தச் சோதனை. இவை எல்லாவற்றையும் ஆய்வு அதிகாரம் பெற்றவர் பார்த்து ஒப்பமிட்ட படிவங்கள் பாய்லரோடு வரும். பாய்லருக்கு மட்டுமல்ல, உதிரிகளுக்கும் தனித்தனிப் படிவம் உண்டு: நீராவிக் குழாய்க்கு III-ஏ, பாய்லர் டியூபுக்கு III-பி, வால்வு, கேஜ் போன்றவற்றுக்கு III-சி. விலை பேசும்போதே இந்தப் படிவங்களின் நகலைக் கேளுங்கள். "அனுப்பும்போது தருகிறோம்" என்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். பாய்லர் மலையேறி வந்து அஸ்திவாரத்தில் உட்கார்ந்த பிறகு, ஒரே ஒரு வால்வுக்கு III-சி இல்லை என்பதற்காகப் பதிவு நின்றுபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

குழாய் விஷயத்தில் ஒரு சிக்கனம் இருக்கிறது. 3.5 கிலோவுக்கு மேல் நீராவி செல்லும் குழாய்தான் சட்டத்தின் பார்வையில் நீராவிக் குழாய். உள்விட்டம் 254 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலமான குழாய்க்கு மட்டும் இந்த வரம்பு 1 கிலோ. அழுத்தம் குறைக்கும் வால்வைப் பாய்லருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால், அங்கிருந்து இலை அறை வரை செல்லும் நீண்ட குழாய்க்கு இந்தச் சான்றுகள் தேவைப்படாது.

பாய்லர் நிறுவியதும் பதிவுக்கு விண்ணப்பம். நீலகிரிக்கு வேலை நடப்பது கோயம்புத்தூர் கொதிகலன் அலுவலகம் வழியாக. ஆய்வாளர் நேரில் வந்து அளப்பார், உள்ளே பார்ப்பார், சோதனை செய்வார். சான்றிதழ் கையில் வருமுன் இயக்கத் தற்காலிக உத்தரவு கிடைக்கும். அதன் ஆயுள் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை. கட்டணம் பாய்லரின் வெப்பப் பரப்பைப் பொறுத்தது. கிடைக்கும் சான்றிதழ் பொதுவாக 12 மாதத்துக்கு. அதில் எழுதிய அழுத்தத்தைத் தாண்டி ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

செலவைவிட மலையில் இதற்குக் கடினமானது ஆள். சான்று பெற்ற பாய்லர் அட்டெண்டண்ட் பொறுப்பில்தான் பாய்லர் ஓட வேண்டும். சிறு பாய்லருக்கு இரண்டாம் வகுப்புச் சான்று பெற்றவர் போதும், ஆனால் அவரும் சமவெளிச் சாயப்பட்டறையை விட்டுக் குளிருக்கு வர யோசிப்பார். வந்தாலும் ஒருவரை மட்டும் நம்ப முடியாது. அவர் ஊருக்குப் போகும் நாளில் பாய்லர் நிற்கும். குழுவில் உள்ள இளைஞர்கள் இருவரை இப்போதே அனுபவம் பெற அனுப்பி, தேர்வு எழுத வைப்பதுதான் நிலையான தீர்வு. நல்ல அட்டெண்டண்ட் எப்படி வேலை செய்வார் என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். காலையில் வந்ததும் நெருப்பைத் தொடமாட்டார். முதலில் கேஜ் கிளாஸ், அதாவது நீர்மட்டக் கண்ணாடி. கீழ் வால்வைத் திறந்து கண்ணாடியில் இருக்கும் நீரைச் சீறவிடுவார். மூடியதும் நீர் துள்ளி ஏறி மட்டத்துக்கு வந்து நிற்கிறதா என்று பார்ப்பார். மெல்ல ஊர்ந்து ஏறினால் துவாரத்தில் அடைப்பு. கண்ணாடி காட்டும் மட்டம் பொய். இதைப் பார்க்காமல் தீ மூட்டுபவருக்கு எந்த வகுப்புச் சான்று இருந்தும் பயனில்லை.

பழைய பாய்லர்

திருப்பூர், ஈரோடு பக்கங்களில் மூடிய சாயப்பட்டறைகளிலிருந்து பாய்லர்கள் மலிவாக வருகின்றன. விலை பாதிக்கும் கீழே இருக்கும். வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் பதிவுப் புத்தகம் இல்லாமல் வாங்கினால் அது பழைய இரும்பு. எடைக்கு எடை விலை கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கூடத்துக்குப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள். புதிதாகப் பூசிய பாய்லர் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். கலத்தின் உடம்பில் பதிவு எண் குத்தப்பட்டிருக்கும். அந்த இடத்தைச் சுரண்டி, எண்ணை விரலால் தடவிப் படித்து, புத்தகத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். தகடு வேறு பாய்லரிலிருந்து கழற்றி மாட்டியதாக இருக்கலாம். உடம்பில் குத்திய எண்ணை அப்படி மாற்ற முடியாது. புத்தகத்தில் ஒவ்வோர் ஆண்டு ஆய்வும் எழுதப்பட்டிருக்கும். எந்த ஆண்டு டியூப் மாற்றினார்கள், எந்த ஆண்டு அழுத்தத்தைக் குறைத்தார்கள், எத்தனை ஆண்டு ஆய்வே இல்லாமல் கிடந்தது என்று அந்தப் பாய்லரின் முழு வரலாறும் அதில் தெரியும். இரண்டு மூன்று ஆண்டு சும்மா கிடந்த பாய்லரை நான் ஓடிக்கொண்டிருப்பதைவிட ஆபத்தானதாக நினைக்கிறேன். உள்ளே ஈரம் தேங்கி, கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியில் அரிப்பு நடந்திருக்கும். மீயொலிக் கருவியால் தகட்டின் கனத்தைப் பல இடங்களில் அளக்கச் சொல்லுங்கள், முக்கியமாக நீர்மட்டக் கோட்டை ஒட்டியும் அடிவயிற்றிலும்.

விற்பவர் "சான்றிதழ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது" என்று சொன்னால் அதை விலையில் சேர்க்க வேண்டாம். பாய்லரை இடம் மாற்றினால், சிறு செங்குத்துப் பாய்லர் போன்ற சிலவற்றைத் தவிர, சான்றிதழ் செல்லாது. புதிய இடத்தில் மறுபடி ஆய்வு. கேரளத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ வாங்கினால் மாநில மாற்றத்தையும் தெரிவித்தாக வேண்டும். 25 ஆண்டைக் கடந்த பாய்லருக்கு எஞ்சிய ஆயுள் மதிப்பீடும் சேரும். இதையெல்லாம் கூட்டி, அதோடு லாரி வாடகை, கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றும் செலவு, ஒப்புதல் பெற்று அங்கீகரிக்கப்பட்டவர் மூலம் செய்யும் பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்தால், புதியதுக்கும் பழையதுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் கரைந்துபோகும்.

வெளிநாட்டு இயந்திரத்தோடு சேர்ந்து வரும் பாய்லரைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் குறியீட்டின் முத்திரையோ ஐரோப்பியக் குறியோ இருப்பது நல்ல தரத்துக்கு அடையாளமாக இருக்கலாம். இங்கே ஓட்ட அது போதாது. மத்தியக் கொதிகலன் வாரியம் அங்கீகரித்த ஆய்வு அமைப்பு, நம் ஒழுங்குமுறைப் படிவங்களில் ஒப்பமிட்டிருக்க வேண்டும். கப்பலில் ஏற்றுமுன் இது நடக்கவில்லை என்றால் பிறகு நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுத் தொட்டியும் காஸ் தொட்டியும்

பாய்லரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் மூலையில் நிற்கும் கம்ப்ரஸர் தொட்டி மறந்துபோகும். நிறம் பிரிக்கும் இயந்திரம் வாங்கினால் அழுத்தக் காற்று வேண்டும்; அந்தத் தொட்டியும் 7, 8 கிலோவில் நிற்கும் அழுத்தக் கலம்தான். அது கொதிகலன் சட்டத்தில் வராது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் 2016ஆம் ஆண்டு அழுத்தக் கல விதிகளிலும் காற்றுத் தொட்டி சேராது. அவ்விதிகள் 1,000 லிட்டரைத் தாண்டிய எல்.பி.ஜி. தொட்டி போன்றவற்றுக்கு. காற்றுத் தொட்டி தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் கீழ் வருகிறது. தகுதி பெற்ற நபர் குறித்த கால இடைவெளியில் சோதித்துச் சான்று தர வேண்டும். மலையின் ஈரக் காற்றில் தொட்டியின் அடியில் தண்ணீர் வேகமாகச் சேரும். தினமும் மாலையில் வடிகால் வால்வைத் திறந்துவிடாத தொட்டி உள்ளிருந்தே மெலிந்துகொண்டிருக்கும்.

பாய்லருக்குத் திரும்பினால், அதன் சான்று எந்த மாதம் முடிய வேண்டும் என்பதையும் நீங்கள் முன்கூட்டியே யோசிக்கலாம். ஆண்டு ஆய்வுக்குப் பாய்லரை ஆறவைத்து, காலி செய்து, மூடிகளைக் கழற்றி, உள்ளே சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். சில நாள்கள் உற்பத்தி நிற்கும். ஏப்ரல், மே மாதக் கொழுந்து மும்முரத்தில் அந்த நாள் வந்தால் நஷ்டம். கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் ஆய்வாளரே மேலே வர முடியாது. பனிக்காலக் கொழுந்துக்கு நல்ல விலை வாங்கும் குழு ஜனவரியை விட்டுக்கொடுக்காது. கூடலூர்ப் பக்கத்துக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே ஜூலை மழையில் பாதையும் நின்றுவிடும், வேலையும் நின்றுவிடும். முதல் பதிவுக்கு விண்ணப்பிக்கும் மாதமே அடுத்தடுத்த ஆண்டுகளின் ஆய்வு மாதத்தைத் தீர்மானிக்கும் என்பதால், பாய்லர் வந்து இறங்கும் தேதியை விற்பவரோடு பேசும்போதே இதைக் கணக்கில் வையுங்கள். புதுப்பிக்கும் விண்ணப்பத்தைச் சான்று காலாவதியாகுமுன் கொடுத்துவிட்டால், உத்தரவு வரும்வரை பழைய அழுத்தத்திலேயே ஓட்டலாம். காலாவதியான மறுநாள் கொடுத்தால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.